குப்புறப் படுத்துப் பறக்கிற வண்டி

எங்கள் அக்கா மஞ்சள் துணியில் 11 ரூபாயை முடிந்து மகன் கையில் கொடுத்திருக்கிறாள், பெரிய கோயில் உண்டியலில் போடச் சொல்லி. கூட்டாளிகளோடு தஞ்சோராவுக்குப் போகிறேன் என்று அவன் சொன்னது அவள் காதில் தஞ்சாவூர் என்று விழுந்திருக்கிறது. அவனும் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் சென்னை போய்வரப் பணம் பெயர்ந்திருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

தஞ்சோரா ஒரு ரோலர் கோஸ்டரின் பெயர். சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில், 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பூங்காவில் ஓடுகிறது. செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபியார் கம்பெனி. 1988-இல் இரண்டு எஞ்சினியர்கள் சேர்ந்து தொடங்கியது. கோஸ்டர் பைத்தியங்கள் அதன் பெயரை நாம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடைப் பெயரைச் சொல்வதுபோல மரியாதையோடு சொல்வார்கள்.

மணியாச்சி ஜங்ஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மருமகன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஜப்பானில் ஒசாகா நகரத்து யூனிவர்சல் பூங்காவின் ஃப்ளையிங் டைனோசர். மனிதர்கள் வரிசைக்கு நாலு பேராகக் குப்புறத் தொங்கிக்கொண்டு, கைகளைச் சிறகுபோல விரித்து, தலை முன்னே போகப் பாய்கிறார்கள். "தஞ்சோராவும் இதும் ஒண்ணுதான மாமா? ரெண்டுலயும் தண்டவாளம் தலைக்கு மேலதான இருக்கு?"

என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருசம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவன் நான். மகள் ஒசாகாவில் குடியிருந்தபோது போய், இதே டைனோசரில் ஒரு தடவை ஏறி இறங்கியும் இருக்கிறேன். அதை ஊரில் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை. இந்த வயதில் இதெல்லாம் எதுக்கு என்பார்கள்.

அண்ணாச்சியிடம் இரண்டு டீயும் ஒரு கடலைமிட்டாயும் சொன்னேன். மிட்டாய் தின்பதற்கு இல்லை, காட்டுவதற்கு. பெஞ்சுப் பலகைதான் தண்டவாளம் என்று வைத்துக்கொள். மிட்டாயைப் பலகைக்கு மேலே நிறுத்தினால் சாதாரண கோஸ்டர்: வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடும், நீ அதில் உட்கார்ந்திருப்பாய். அதே மிட்டாயைப் பலகைக்கு அடியில், செங்குத்தாகப் பிடித்தால் தொங்கு கோஸ்டர். நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் தொங்குவாய், கால் அந்தரத்தில் ஆடும். தஞ்சோரா இந்த வகை. இந்தக் கம்பெனி இதை முதன்முதலில் 1992-இல் சிகாகோ அருகே பேட்மேன் பெயரில் ஓடவிட்டது. இப்போது பலகைக்கு அடியிலேயே மிட்டாயைப் படுக்கப்போடு, பலகையை ஒட்டி, அதற்கு இணையாக. முதுகு தண்டவாளத்தைப் பார்க்கும், முகம் தரையைப் பார்க்கும். இதுதான் பறக்கும் கோஸ்டர். தண்டவாளம் அதே தண்டவாளம்தான். நாற்காலியைக் கால் வட்டம் திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் அந்தக் கால் வட்டத்தில் எல்லாமே மாறிப்போகிறது.

"கழண்டு விழாதா மாமா?" என்றான். எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நம் ரயில் சக்கரத்துக்கு உள்பக்கம் ஓர் உதடு உண்டு. அந்த உதடும் வண்டியின் கனமும்தான் அதைத் தண்டவாளத்தில் வைத்திருக்கின்றன. ரயிலைத் தலைகீழாகத் திருப்பினால் விழுந்துவிடும், சந்தேகமே இல்லை. கோஸ்டருக்கு அப்படி இல்லை. தண்டவாளம் உருண்டைக் குழாய். அந்தக் குழாயை மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு சக்கரம், அடியில் ஒரு சக்கரம் என்று மூன்று பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும், வேப்பங்கொப்பை நீ கையால் வளைத்துப் பிடிப்பதுபோல. அடிச்சக்கரம் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கிய சங்கதி. அவருக்கு முன்னால் கோஸ்டர் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் வேகமான மலை ரயில்தான். அந்த ஒற்றைச் சக்கரம் வந்தபிறகுதான் மேடு தாண்டும்போது வண்டி எகிறிவிடும் என்ற பயம் இல்லாமல் செங்குத்தாக இறக்கவும், பின்னாளில் தலைகீழாகத் தொங்கவிடவும் துணிந்தார்கள். நூறு வருசத்துக் கோஸ்டரில் எனக்குப் பிடித்த ஒரு சாமானைச் சொல்லச் சொன்னால் இந்த அடிச்சக்கரத்தைத்தான் சொல்வேன். யாரும் அதைப் படம் எடுப்பதில்லை.

மருமகனுக்கு அடுத்து ஒரு சந்தேகம், எஞ்சின் எங்கே என்று. எஞ்சின் கிடையாது. டிரைவர் கிடையாது. கேட்டால் அதிர்ந்துவிடுவாய், வண்டியில் பிரேக்கும் கிடையாது. அது தடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அவன் கமலையைப் பார்த்ததில்லை. அவன் தாத்தா தோட்டத்தில் நான் ஓட்டியிருக்கிறேன். மாடு இரண்டும் சரிவில் இறங்கும். வடம் இழுபட்டுக் கூனை நிறையத் தண்ணீர் கிணற்றிலிருந்து மேலே வரும். மாட்டுக்கு இறக்கம், தண்ணீருக்கு ஏற்றம். இறங்குகிற கனத்தின் பலம் ஏறுகிற கனத்துக்குப் போகிறது. கோஸ்டரில் இது இரண்டு தவணையாக நடக்கும். முதலில் ஒரு மோட்டார் சங்கிலியால் வண்டியை உச்சிக்கு இழுத்துவிடும். அந்த உயரம்தான் கையிருப்பு. பிறகு கடைசி வரைக்கும் அதைச் செலவழித்தே ஓட வேண்டியதுதான். இறங்கும்போது உயரம் வேகமாகிறது, அடுத்த மேட்டில் வேகம் உயரமாகிறது, ஒவ்வொரு தடவையும் காற்றும் உராய்வும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பின்னால் வரும் மேடுகள் தணிந்துகொண்டே போகும். 40 மீட்டர் இறக்கம் என்றால், கமிஷன் இல்லாத கணக்கில் அடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரும். இதில் குண்டன், ஒல்லியன் என்ற பேதமே கிடையாது. இருவருக்கும் அதே 100தான்.

ரோலர் கோஸ்டரின் முன்னோரில் ஒன்று நிலக்கரிப் பாதை என்பதையும் சொன்னேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில், 1827-இல், மலைச் சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நிலக்கரித் தொட்டிகளைச் சரிவில் தானாக உருளவிட்டார்கள். காலித் தொட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. இழுத்த கழுதைகள் கீழே வருவதற்கும் ஒரு தொட்டி உண்டு. ஏறி நின்றுகொண்டு சொகுசாக உருண்டு வருமாம். ஒருமுறை பழகியபின் அவற்றை நடத்தி இறக்க முடியவில்லை என்று கதை சொல்வார்கள். பின்னாளில் அதே பாதையில் மனிதர்கள் காசு கொடுத்து ஏறினார்கள். 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தாம்ப்சன் என்பவர் இதையே கேளிக்கைக்காகக் கட்டி ஐந்து சென்ட் வாங்கினார். அங்கே கழுதை கண்ட சுகத்தைத் தனியாகக் கட்டி விற்க மனிதனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

உச்சிக்கு ஏறும்போது பல கோஸ்டர்களில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். அது பயமுறுத்துவதற்கென்று வைத்தது இல்லை. பழைய பஸ்ஸில் டிரைவர் கைப்பிரேக்கை இழுக்கும்போது கர்ர்ர் என்று கேட்குமே, அதே அண்ணன் தம்பிதான். பல் பல்லாக வெட்டிய பட்டையில் ஒரு நாக்கு விழுந்து விழுந்து ஏறுகிறது. முன்னால் போகலாம், பின்னால் வர விடாது. சங்கிலி அறுந்தாலும் வண்டி அந்தப் பல்லில் நிற்கும். ஆக, கேட்கும்போது வயிறு கலங்குகிற அந்தச் சத்தம்தான் 'ஒண்ணும் ஆகாது' என்று அடித்துச் சொல்கிற சத்தம்.

இனி ஒசாகா. அங்கே வரிசையில் நுழைவதற்கு முன்னால் பைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். செல்போன், கண்ணாடி, சில்லறை, எல்லாம் லாக்கருக்குள். குப்புறத் தொங்கும் வண்டியில் சட்டைப்பை என்பது திறந்த வாய் அல்லவா. அந்த உயரத்திலிருந்து அந்த வேகத்தில் விழுகிற ஒரு நாணயம் கீழே நடப்பவருக்கு நாணயமாக இருக்காது.

வண்டி வந்து நிற்கும்போது நாற்காலிகள் நாற்காலியாகத்தான் இருந்தன. உட்கார்ந்தேன். மார்புக்கு மேல் கெட்டியான கவசச் சட்டை மாதிரி ஒன்று இறங்கி இறுகியது. கணுக்காலுக்கு முன்னால் இரண்டு மடல்கள் மூடின. பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். ரயில்வேயில் கார்டு பச்சைக்கொடி காட்டுவதுபோல. அப்புறம் நாற்காலி பின்பக்கமாக மேலே எழும்பியது. இரண்டு மூச்சு விடுகிற நேரத்தில் நான் உட்கார்ந்தவன் இல்லை, படுத்தவன். முகத்துக்கு நேர் கீழே பிளாட்பாரத்துத் தரை. 32 பேர், எட்டு வரிசை, எல்லோரும் வௌவால் போல. என் மொத்தக் கனமும் மார்பிலும் தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் போய் அமர்ந்தது. உட்கார்ந்தே பழகிய உடம்புக்கு அது பெரிய குழப்பம். பிருஷ்டத்துக்கு வேலையே இல்லை.

சங்கிலி இழுக்க ஆரம்பித்தது. மற்றக் கோஸ்டரில் ஏறும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு போவாய். உயரம் எவ்வளவு என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். இதில் தரை உன்னைவிட்டுப் போவதை முழுக்கப் பார்த்தாக வேண்டும். மனிதர்கள் சிறுத்தார்கள், மரங்கள் புதராயின. எனக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். கையை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் நானும் கம்பியை விட்டேன், மானம் முக்கியம் என்று.

பாய்ந்ததும் தெரிந்தது, வேகம் என்பது மீட்டரில் காட்டும் எண் மட்டுமல்ல. "கோயில்பட்டிக்கு ரயில்ல போறப்ப எட்டத்துல காத்தாடி எப்படித் தெரியும்?" என்று மருமகனைக் கேட்டேன். "நின்ன மாதிரி, மெதுவா நகரும்" என்றான். அதே ரயிலில் வாசல்படிக்கு அருகே குனிந்து தண்டவாளத்து ஜல்லியைப் பார்த்தால்? கல் கல்லாகத் தெரியாது, கோடு கோடாக ஓடும். ரயிலின் வேகம் ஒன்றேதான். கிட்டத்தில் இருப்பது கண்ணில் வேகமாக ஓடும், எட்டத்தில் இருப்பது நகராது. நாற்காலிக் கோஸ்டரில் உன் கண் முன்னால் எட்டத்தைப் பார்க்கிறது. படுத்துப் போகும்போது கண் தரையையே பார்க்கிறது; இடையில் வண்டியின் தளம் இல்லை, முன்பக்கம் இல்லை, உன் கால்கூட இல்லை. 80 கிலோமீட்டர் 120 போலத் தெரிவது இதனால்தான். சின்ன வயதில் சோளத்தட்டை ஏற்றிய வண்டியில் குப்புறப் படுத்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் கரிசல் வெடிப்புகள் ஓடுவதைப் பார்த்துப் பறக்கிறோம் என்று நினைத்ததுண்டு. மாடு நடந்துதான் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது கனம். தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சியில் மருமகன் கொலம்பஸ் ஏறியிருக்கிறான். கப்பல் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும்போது குடல் மேலே ஏறுமே, அதைக் கேட்டேன். "அதை ஏன் ஞாபகப்படுத்துதிய" என்றான். அது என்னவென்றால், அந்தக் கணத்தில் நீயும் உன் இருக்கையும் சேர்ந்து விழுகிறீர்கள். இருக்கை உன்னைத் தாங்கவில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் மிதக்கின்றன. கனமே இல்லாத கணம். கோஸ்டரில் மேடு தாண்டும்போதெல்லாம் அது வரும். பள்ளத்தில் நேர் எதிர்: வண்டி மேலே திரும்புகிறது, உன் உடம்பு கீழேயே போகப் பார்க்கிறது, தடம் உன்னை வம்படியாகத் தூக்குகிறது. அப்போது கனம் மூன்று மடங்கு, நாலு மடங்கு ஆகும். இதைத்தான் 3ஜி, 4ஜி என்பார்கள். செல்போன் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. 60 கிலோ ஆள் 4ஜியில் 240 கிலோ. ஒரு நொடி நேரத்துக்கு இரண்டு மூட்டை உளுந்துக்கு மேல் அவன் மேல் இறங்குகிறது.

இங்கேதான் பறக்கும் கோஸ்டர் கட்டுகிறவருக்குத் தலைவலி. உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த மூட்டைகளை இருக்கை வாங்கிக்கொள்ளும். குப்புறத் தொங்குகிறவனுக்கு? மார்புக் கவசத்தின் மேல் விழும், மூச்சு முட்டும். அதனால் குப்புறக் கிடக்கும்போது ஆழமான பள்ளம் வைக்கமாட்டார்கள். வைக்க வேண்டுமென்றால் முதலில் ஆளை மல்லாத்திவிடுவார்கள்.

எப்படி என்று காட்ட அண்ணாச்சியிடம் தூக்குவாளி கேட்டேன். பார்சல் டீக்கு வந்தது, பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார், முகத்தில் நம்பிக்கை இல்லாமல். மூடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டித் தலைக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு சொட்டு விழவில்லை. இது பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லோரும் செய்வதுதான். வாளி தலைகீழாக இருக்கும்போதும் தண்ணீர் அடிப்பக்கத்தையே அழுத்திக்கொண்டிருக்கிறது. விழுவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் வாளி திரும்பிவிடுகிறது. கோஸ்டர் வளையத்தில் நீதான் தண்ணீர், இருக்கைதான் வாளி. வேகம் இருக்கிற மட்டும் தலைகீழாய் நிற்கும்போதும் கச்சை இறுகாது.

ஒரு திருத்தம் உண்டு. என் கை போட்டது வட்டம். ஆரம்பகால வளையங்களும் வட்டம்தான். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நேர்த்தடத்திலிருந்து சட்டென்று வட்டத்துக்குள் நுழைந்தால் கனம் அடிபோல விழும். 1976-இல் கலிஃபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டருக்கு வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் போட்டார்: அடியில் அகலம், போகப்போகக் குறுகல். வளைவு மெள்ள மெள்ளக் கூடும். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பெருமை. ரயில்வேயில் இது பழைய சமாச்சாரம். இங்கே மணியாச்சியில் தூத்துக்குடிப் பாதை திரும்புகிற இடத்திலும் நேர்கோடு சட்டென்று வட்டமாகாது. நடுவில் ஓர் இடைவளைவு உண்டு, வளைவு கூடக்கூட வெளித் தண்டவாளமும் உயரும். அதனால்தான் வண்டி திரும்பும்போது உன் டீ டம்ளர் கவிழ்வதில்லை. ரயில்காரன் படுக்கப்போட்ட வளைவை அவர் நிமிர்த்தி வைத்தார், அவ்வளவுதான் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

பறக்கும் கோஸ்டரில் இந்த வளையத்துக்கு ப்ரெட்ஸல் என்று பெயர். அமெரிக்காவில் அப்படி ஒரு முறுக்கு ரொட்டி இருக்கிறது. மற்ற வளையத்தில் கீழே நுழைந்து மேலே போவாய். இதில் மேலேயிருந்து நுழைவாய், குப்புற. தலை கீழ்நோக்கிச் சாய்கிறது, கிணற்றில் தலைகுப்புறப் பாய்வதுபோலச் செங்குத்தாக இறங்குகிறாய், தரை நெருங்கும்போது தடம் உன்னைப் புரட்டிவிடுகிறது. அடிப்பாகத்தில் நீ மல்லாந்து கிடக்கிறாய், வானத்தைப் பார்த்து. பிறகு தலை முன்னே போக மேலே தூக்கி, மறுபடி குப்புற. மூட்டைகள் வந்து இறங்குவது அந்த மல்லாந்த நொடியில். அப்போது முதுகு முழுக்கப் பலகையில் இருக்கிறது. கை கால் தூக்க முடியாது, கன்னச் சதை காதுப்பக்கம் ஓடும், ஆனால் வலி இல்லை. எனக்கு அந்த மூன்று நொடிதான் மொத்தத்திலும் நினைவில் நிற்கிறது. பாய்ச்சலை மறந்துவிட்டேன்.

மல்லாந்தால் ஏன் தாங்குகிறது? ரத்தம் ஓடும் திசைதான் காரணம். உட்கார்ந்தோ நின்றோ கனம் ஏறினால் ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும். கொஞ்சம் நீடித்தால் கண் இருட்டும். போர்விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் எதிரி. மல்லாந்து கிடப்பவனுக்கு மார்பிலிருந்து முதுகுக்குத்தான் அழுத்தம். தலையும் காலும் ஒரே மட்டம், ரத்தத்துக்கு ஓடிப்போக இடமில்லை. 1984-இல் ராகேஷ் சர்மா சோயுஸில் போனபோது முழங்காலை மடக்கி மல்லாந்துதான் கிடந்தார். நம் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வேலை நடக்கிறது. அங்கிருந்து போவது செயற்கைக்கோள்தான், ஆள் இல்லை, ஆகவே மருமகன் இப்போதைக்கு இள்ளலூர்தான் போக வேண்டும்.

இந்த வகை வண்டி பிறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. 1997-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஸ்கைட்ராக் என்று ஒன்று, ஆளுக்கு ஒரு வண்டி; அடுத்த வருசமே மூடிவிட்டார்கள். 2000-இல் கலிஃபோர்னியாவில் ஸ்டெல்த், நெதர்லாந்தின் வெகோமா செய்தது. அதில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தபடி உச்சிக்கு ஏறுவார்கள். மேலே போனதும் தடமே முறுக்கிக் குப்புறக் கவிழ்த்துவிடும். பொலிகர் கம்பெனி 2002-இல் இங்கிலாந்தில் ஏர் என்று விட்டபோது ஸ்டேஷனிலேயே படுக்கவைத்தது. 2006-இல் அதே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் அருகே கட்டிய டாட்சு 170 அடி உயரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ப்ரெட்ஸல் மட்டும் 124 அடி. நான் ஏறிய டைனோசர் 2016 மார்ச்சில் வந்தது, 1,124 மீட்டர் நீளம்.

"நடுவுல நின்னுட்டா?" என்றான் மருமகன். நல்ல கேள்வி, என் தொழிலுக்குள் வருகிற கேள்வி. மீட்டர் கேஜ் காலத்தில் ஒற்றைப் பாதையில் வளையத்தில் கோத்த டோக்கன் இருக்கும். அது கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். ஒரு பிளாக்குக்கு ஒரே டோக்கன்தான் வெளியே வரும். ஆகவே ஒரே வண்டிதான் இருக்க முடியும். முன்னால் போன வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்வரை பின்வண்டி இந்த ஸ்டேஷனிலேயே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இணைப்பு வண்டிக்குக் காத்திருந்து நாம் ரயில்வேயைத் திட்டியதெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான். கோஸ்டரும் அப்படியே பிளாக் பிளாக்காகப் பிரித்ததுதான். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் வண்டியைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று இருக்கும்: தடத்தில் பதித்த பிரேக், அல்லது ஏற்றுகிற சங்கிலி. வண்டியில் பிரேக் இல்லை என்றேனே, காரணம் இதுதான். பிரேக்கைப் பயணியோடு அனுப்பாமல் பாதையில் வைத்துக்கொண்டார்கள். முன் பிளாக் காலி என்று உணர்கருவி சொன்னால்தான் பிடி விடும். சந்தேகம் என்றால் பிடித்தது பிடித்தபடி.

2018 மே மாதம் அந்த டைனோசர் அப்படி நின்றது. இரண்டு வண்டி, 64 பேர், குப்புறத் தொங்கியபடி. எல்லோரையும் படிக்கட்டு வழியே நடத்தி இறக்க இரண்டு மணி நேரம் வரை ஆனது. ஒருவருக்கும் காயமில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. மருமகனுக்கு அது பழுதாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏதோ ஒரு கருவி சந்தேகப்பட்டது, இரண்டு வண்டியும் தத்தம் பிளாக்கில் நின்றன, ஒன்றின்மேல் ஒன்று போகவில்லை. சிக்னல் பழுதானால் சிவப்பாகத்தான் பழுதாக வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அந்த 64 பேருக்கு இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள், அது வேறு.

அண்ணாச்சி விளக்கைப் போட்டார். மருமகன் காரியத்துக்கு வந்தான்: தஞ்சோராவில் எந்த வரிசை? அவன் ஆசையைப் பொறுத்தது. முதல் வரிசையில் கண்ணுக்குத் தீனி. முன்னால் யார் தலையும் இல்லை, காலுக்குக் கீழே ஊர் தொங்கும். ஆனால் உச்சியில் முன்வரிசை மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும், பின்னால் வரும் கனம் இன்னும் மேட்டின் மறுபக்கம் இருப்பதால். கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன்பாதி வண்டி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். அது சுண்டி இழுக்க, நீ மேட்டில் தூக்கியெறியப்பட்ட மாதிரி தாண்டுவாய். குடல் மேலே ஏறுவது பிடிக்கும் என்றால் பின்னால் போ. உன் கூட்டாளிகளில் ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு, கழுத்துவலி உள்ளவன் இருந்தால் கீழே நிற்கச் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசலில் உயரம் அளக்கும் கோல் இருக்கும். அது கச்சை உடம்பில் சரியான இடத்தில் உட்காருமா என்று பார்ப்பதற்கு, உன் வீரத்தை அளப்பதற்கு இல்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதே. வெறும் வயிற்றிலும் ஏறாதே.

"சட்டைப்பைல ஒண்ணும் இருக்கப்படாது, மறந்துராத" என்றேன்.

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். மஞ்சள் முடிச்சு அங்கேதான் இருந்தது. "இதை என்ன மாமா செய்ய?"

"லாக்கர்ல வச்சுட்டு ஏறு. வர்ற வழியில தஞ்சாவூர்ல எறங்கி உண்டியல்ல போட்டுட்டு வா."

"தஞ்சாவூர் வழியில இல்லியே மாமா."

"அது ஒன் பாடு" என்று சொல்லி, அதற்குள் பாதி உடைந்துபோயிருந்த தண்டவாளத்து மிட்டாயை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டேன். தூத்துக்குடி வண்டிக்குச் சிக்னல் கை விழுந்துவிட்டதா என்று அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். இப்போது கை ஏது, எல்லாம் கலர் லைட்டுதான். பழக்கம்.